அந்துவான், கம்பியை ஏன் இவ்வளவு தூக்கி வைத்தாய்?

கண்ணை மூடிய பிறகும் என்னைக் குழப்புவதை நிறுத்தாத என் ஆசை மச்சான் அந்துவானுக்கு,

சுகமா என்று உன்னைக் கேட்கலாமா கூடாதா தெரியவில்லை. நீ போயிருக்கிற இடத்தில் எல்லாரும் சுகம்தான் என்று உன் அடக்கத்தன்று சாமியார் சொன்னார். அதனால் என் சுகத்தை மட்டும் எழுதுகிறேன்: முட்டி வலி, முன்வழுக்கை, பின்வழுக்கை. நாக்கு மட்டும் பழைய நீளத்தில் இருக்கிறது.

உன் நெல்லித்தோப்புத் தெருவுக்கு டி.வி. வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போடும்போது தெருவில் நாயைக்கூடக் காணோம். அதுவும் யார் வீட்டு ஜன்னலிலோ நின்று பார்க்கிறது. நம் பாட்டுக் குழுவில் பாங்கோ மேளம் தட்டிய சிகாமணி இப்போது வீடியோ கேசட் வாடகைக்கு விடுகிறான். “மச்சி, இதுல தாளம் தப்பினா யாரும் திட்ட மாட்டாங்க” என்கிறான். முன்னேறிவிட்டான்.

பெரிய செய்தி இதுதான். உன் மகள் ரோஸ்லினுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை காரைக்கால் பையன், பார்க்க நல்ல மாதிரி, சாப்பாட்டில்தான் கொஞ்சம் அவசரம். நீ போய் இரண்டு வருஷத்துக்கு அப்புறம் உன் வீட்டில் ஒரு நல்ல காரியம். அதில்தான் உன் கிடார் வந்து என்னை மாட்டிவிட்டிருக்கிறது.

ஒரு நாள் ரோஸ்லின் உன் சிவப்பு எலெக்ட்ரிக் கிடாரைத் தூக்கிக்கொண்டு முதலியார்பேட்டையில் என் வீட்டுக்கு வந்தாள். “மாமா, கல்யாணத்தன்னிக்கு சாயங்காலம் மேடையில நான் இதை வாசிக்கப் போறேன். நீங்க பாடணும். நம்ம கலங்கரை விளக்குப் பாட்டு.”

என் வீட்டுக்காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “கல்யாணப் பொண்ணு மேடையில உக்காந்து கிடார் வாசிச்சா மாப்பிள வூட்டுக்காரங்க இன்னாடி நெனப்பாங்க?”

“அவரும் வரேன்றாரு அத்தை. டோலக் தட்டுவாராம்.”

நம் சொந்தப் பாட்டு அது, நினைவிருக்கிறதா? ‘கலங்கரை விளக்கே, கண்ணடிச்சுக் கவுக்காதே.’ வரிகள் அடியேன், மெட்டு நீ. எந்த மேடை ஏறினாலும் முதல் பாட்டு அதுதான். அதைக் கேட்டால்தான் குழந்தையில் ரோஸ்லின் தூங்குவாளாம். நான் எழுதியது காதல் பாட்டு என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. “அப்பா இல்லாத கல்யாணம் மாமா. அந்தப் பாட்டாவது இருக்கட்டும்” என்றாள்.

பெட்டியைத் திறந்தோம். கம்பிகள் துருப்பிடித்து, கொடியில் போட்ட பழைய நாடா மாதிரி தொங்கின. உன் வீட்டுக்காரி பிலோமினா தங்கச்சிதான் அத்தனை முடுக்கியையும் தளர்த்திவிட்டிருந்தது. “தெருவுல லாரி போனா அது தானா முனகுதுண்ணே. அவரு கூப்புடுற மாதிரி இருக்கும். தாங்க முடியாம திருகி விட்டுட்டேன்” என்று எப்போதோ என்னிடம் சொன்னது. ஆகவே நீ கடைசியாக எந்த ஸ்ருதியில் வைத்திருந்தாய் என்பதற்குச் சாட்சி இல்லை. கம்பியின் உயரம் மட்டும் நீ வைத்தபடியே இருந்தது.

கோயில் பாடகர் குழுவில் கிடார் பழகிய ரோஸ்லின் புதுக் கம்பி மாட்டி, அந்தக் குழுவின் கீபோர்டை வைத்து ஸ்ருதி சேர்த்தாள். கம்பிகளைச் சேர்த்து அமுக்கி ஒரு கார்டு பிடித்தாள். “ஸ்ஸ்...” என்று கையை உதறினாள்.

“மாமா, இது கிடாரா, முள்வேலியா? கம்பி எங்க இருக்கு, கட்டை எங்க இருக்கு பாருங்க.”

பார்த்தேன். கிடாரின் கழுத்துக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு பெருச்சாளி குடும்பத்தோடு போய்வரலாம். இதற்கு ‘ஆக்‌ஷன்’ என்று பேராம். கம்பி தாழ்ந்திருந்தால் விரல் தொட்டதும் பேசும். உயர்ந்திருந்தால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கம்பியைக் குரல்வளையில் பிடித்து அமுக்கணும். இத்தனை வருஷம் இதையா அமுக்கிக்கொண்டிருந்தாய்? மில்லில் தறி ஃபிட்டர் நீ. நூல் அறுந்தால் தறியிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள். ஒரு மயிரிழை சந்து கூடினாலும் உனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவன் சொந்தக் கிடாரை ஏன் இப்படி வைத்தாய்?

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். “வீணை மாதிரி கம்பிய இழுத்து வாசிக்கணும்னு வச்சிருப்பான்” என்றான் சிகாமணி. நீ எப்போது இழுத்தாய்? எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தக் கிடாரை பிரான்சிலிருந்து உனக்குக் கொண்டுவந்து கொடுத்த உன் பெரியப்பா மகன், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா, மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: “அங்க குளிருல காஞ்ச மரம். இங்க உப்புக் காத்துல வில்லா வளைஞ்சிருக்கும்.” ரோஸ்லின் கிடாரைத் துப்பாக்கி மாதிரி கண்ணருகில் வைத்துக் கழுத்தைப் பார்த்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. சொல்தா மிலிட்டரி ஹோட்டலுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். என் வீட்டுக்காரி அபிப்பிராயம்: “பாவம் செஞ்சதுக்குப் பரிகாரமா இருக்கும். இவரோட சிநேகம் வச்சிருந்தாரே.”

“மாமா, இறக்கிடுறேன்” என்றாள் ரோஸ்லின்.

உன் சட்டையைத் தானம் கொடுத்தாகிவிட்டது. சைக்கிளை விற்றாகிவிட்டது. உன் கை கடைசியாகத் தொட்டு ‘இது இப்படித்தான்’ என்று நிறுத்தின ஒரே இடம் அந்த உயரம். “அப்பா வச்சதுடி, தொடாத” என்றேன்.

“விரல் வெட்டுது மாமா. மோதிரம் போடுற விரல்ல பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டா கோயிலுக்குப் போவேன்?”

கடைசியில் ஓர் உடன்பாடு. இறக்குவதற்கு முன்னால் உன் உயரத்தை அளந்து பத்திரப்படுத்தணும். கிடார் பெட்டியின் மூலையில் உன் மில் ஃபீலர் கேஜ் கிடந்தது. விசிறி மாதிரி விரிகிற அந்த மெல்லிய எஃகு இதழ்களை வைத்து நீ தறியில் சந்து பார்ப்பாயே, அதேதான். கழுத்தின் நடுவில் இரட்டைப் புள்ளி வைத்த இடத்தில், அடிக்கம்பிக்குக் கீழே இதழ்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துச் செருகினாள். கம்பி அசையாமல் உட்கார்ந்ததும், அந்த இதழ்களை மட்டும் ஒன்றாகச் சேர்த்து நான் தையல் நூலால் இறுகக் கட்டினேன். அன்றிலிருந்து அது என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. நெஞ்சில் குத்துகிறது. உன் பழக்கம் அதற்கும் வந்துவிட்டது.

பிறகு அவள் ஆலன் கீ என்கிற வளைந்த சாவியால், கம்பிகளைத் தாங்குகிற குட்டித் திருகுகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். சொன்னால் கோபிக்காதே மச்சான். கிடார் மூச்சு விட்டது. அவள் விரல் பட்டதும் நெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது ஸ்வரம். “பாடுங்க மாமா!” என்று அடிக்கம்பியை விட்டு அடித்தாள். நம் பழைய ஈ-மேஜர்.

நான் உன் கையையே பார்த்துப் பாடிப் பழகியவன். நீ பிடிக்கிற கார்டு எது என்று பார்த்து, மைக்கில் கம்பீரமாக “ஈ-மேஜரில் அடியேன் கோதண்டம்!” என்று அறிவித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். அன்றைக்கும் அறிவித்தேன். திறந்தேன். ‘கலங்கரை’ வரை வந்தது. ‘விளக்கே’வில் குரல் மேலே ஏற முடியாமல், சைக்கிள் பிரேக் மாதிரி கிறீச்சிட்டு நின்றது. பக்கத்து வீட்டில் குழந்தை அழுதது. மறுபடி. மறுபடியும் அதே. ரோஸ்லின் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்கினாளா, அழுகையையா? அது அவளுக்கே வெளிச்சம்.

அடுத்த வாரமெல்லாம் சுக்கு, மிளகு, அதிமதுரம். சிகரெட்டை விட்டேன், அதாவது வீட்டில். தொண்டை டாக்டரிடமும் போனேன். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “வயசுக்கு நல்லாத்தான் இருக்கு. என்ன தொழில்?” என்றார். “பாடகர்” என்றேன். டார்ச்சை அணைத்துவிட்டு என்னையே பார்த்தார். “வேற?” “மில்லில் கிளார்க்.” “அதை எழுதிக்கிறேன்” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை அந்துவான். ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சு தேசிய விழாவில், சொல்தாக்கள் நடனத்தில் இதே ஈ-மேஜரில்தானே பாடினேன்? வீராம்பட்டினம் தேர்த் திருவிழாவில் இதே ஈ-மேஜரில்தானே கூட்டம் விசிலடித்தது? கம்பியை இறக்கியதும் என் குரல் எங்கே போனது? உன் உயரத்தைக் கலைத்ததால் நீதான் மேலே உட்கார்ந்து என் கழுத்தைப் பிடிக்கிறாயோ என்று ஒரு சந்தேகம். நான் உன் படத்துக்கு முன்னால் மெழுகுவத்திகூட ஏற்றினேன். முருகன் தப்பாக நினைக்க மாட்டான்.

கல்யாணம் நெருங்கிவிட்டது. “மாமா, உங்களுக்கு முடியலன்னா வுட்டுடலாம். நான் மட்டும் வாசிச்சுக்கிறேன்” என்று ரோஸ்லின் மெதுவாகச் சொன்னாள். வார்த்தையில் பழி இல்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது. பாட்டில்லாமல் அவள் மட்டும் வாசித்தால் அது தாலாட்டும் இல்லை, நம் பாட்டும் இல்லை.

அன்றைக்கு உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். தங்கச்சி வாசற்படியோரம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தது. ரோஸ்லின் திடீரென்று, “மாமா, கிடார் இல்லாம சும்மா பாடுங்க. உங்களுக்கு எங்க சவுகரியமோ அங்க” என்றாள்.

பாடினேன். வந்தது அந்துவான்! அதே பழைய குரல், மார்க்கெட்டில் கேட்டவர்கள் திரும்பிப் பார்த்த குரல். நான் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தபோது அவள் ஒரு விரலால் கம்பியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். தேடியது நின்றது.

“மாமா, நீங்க பாடுறது ஈ இல்ல.”

“பின்ன?”

“மூணு ஃப்ரெட், அதாவது மூணு கட்டை கீழ பாடுறீங்க.”

“அடி போடி. உங்கப்பன் பிடிச்சது ஈ-மேஜர். நான் கண்ணால பார்த்தேன்.”

“கை அதைத்தான் பிடிச்சிருக்கும். கம்பி இன்னா ஸ்ருதியில இருந்துதுன்னு பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. பார்க்க நீ விட்டதே இல்லை. வீட்டிலேயே ஸ்ருதி சேர்த்துக்கொண்டுதான் மேடைக்கு வருவாய். முடுக்கியில் யாராவது கை வைத்தால் விரலைத் தட்டிவிடுவாய். ரோஸ்லினையே தொடவிட்டதில்லையாம். நம் குழுவில் உன் கிடார், என் தொண்டை, சிகாமணியின் பாங்கோ, அவ்வளவுதான். நீ சேர்த்ததுதான் ஸ்ருதி. ஒத்துப் பார்க்க வேறு வாத்தியம் ஏது?

ஒரே ஒரு முறை வந்தது. வீராம்பட்டினத்தில் விழாக் கமிட்டிக்காரர்கள் ஆர்மோனியம் தனபால் அண்ணனை நம்மோடு உட்காரவைத்தார்கள். நீ ஒரு கட்டையை அமுக்கிப் பார்த்துவிட்டு, “வேணாம் மச்சான், சேராது” என்று ஒதுக்கினாய். அவ்வளவு போதாதா எனக்கு? அன்றிலிருந்து அவருக்கு ‘ஸ்ருதி கெட்ட தனபால்’ என்று பட்டம் கட்டி, டீக்கடை டீக்கடையாக விநியோகித்தவன் நான்தான்.

ரோஸ்லின் அத்தனை கம்பியையும் என் குரலுக்குத் தளர்த்தினாள். அப்புறம் அதே ஈ-மேஜர் பிடித்து அடித்தாள். ஐயோ! குளவிக் கூட்டைக் கல்லால் அடித்த மாதிரி இரைச்சல். தொளதொளத்த கம்பி, தாழ்ந்திருந்த உயரத்தில், கழுத்தின் பித்தளைக் கட்டைகளில் எல்லாம் போய் மோதியது. அவள் ஆலன் கீயை எடுத்தாள். கொஞ்சம் ஏற்றினாள், அடித்தாள். இரைச்சல். இன்னும் ஏற்றினாள். இரைச்சல் குறைந்தது. இன்னும். இன்னும். தங்கச்சி பூண்டு உரிப்பதை நிறுத்தியிருந்தது.

பிறகு ஓர் அடி. சுத்தமான அடிக்கம்பி. கூடத்துச் சுவர் அதிர்ந்தது. அது உன் சத்தம் மச்சான். தங்கச்சி எழுந்து நின்றுவிட்டது.

நான் சட்டைப் பையிலிருந்து நூலால் கட்டிய இதழ்களை எடுத்து இரட்டைப் புள்ளிக்கு மேலே, அடிக்கம்பிக்குக் கீழே செருகினேன். கொஞ்சம் இறுக்கம் காட்டியது, உள்ளே போனது, உட்கார்ந்துகொண்டது. அதே உயரம்.

வீணையுமில்லை, குளிருமில்லை. என் தொண்டைதான். அதற்கு எட்டும்படி நீ கம்பியைத் தளர்த்தினாய், தளர்ந்த கம்பி இரையாமலிருக்க உயர்த்தினாய்.

நான்தான் கேட்டேன்: “வேற கார்டு பிடிச்சுட்டுப் போயிருக்கலாமே? எதுக்கு இந்தப் பாடு?”

“அந்த அடிக்கம்பி தொறந்து அதிருறது வேற கார்டுல வராது மாமா. அதுவுமில்லாம...” ரோஸ்லின் தயங்கினாள். “நீங்கதான் அப்பா கையையே பார்த்துக்கிட்டிருப்பீங்களாமே.”

தங்கச்சி அப்போதுதான் வாய் திறந்தது. “கச்சேரி முடிஞ்சு வந்தார்னா விரல் முச்சூடும் கோடு கோடா வெட்டியிருக்கும்ணே. தேங்காண்ணெ தடவிக்கிட்டே உக்காந்திருப்பாரு. ‘இன்னாத்துக்கு இப்டி வருத்திக்கிறே’ன்னா, ‘மச்சான் இன்னிக்கு நல்லாப் பாடுனான்டி’ம்பாரு. வேற ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

எனக்கு ஏன் சொல்லவில்லை அந்துவான்? நான் அழுதிருப்பேன் என்றா? பாட்டை விட்டிருப்பேன் என்றா? இல்லை, மனசுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாயா? சிரித்திருந்தால் பரவாயில்லை. உன் மேல் கோபப்படுவதா, உன் காலில் விழுவதா என்பதில் என்னால் இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. காலில் விழுவதற்கு முட்டியும் ஒத்துழைக்காது.

மறுநாள் உழவர்கரைக்குப் போனேன், தனபால் அண்ணன் வீட்டுக்கு. ஈஸிசேரில் சாய்ந்திருந்தவர் எழுந்திருக்கவில்லை.

“இன்னா கோதண்டம்? ஸ்ருதி கெட்டவன் வூட்டுக்கு வழி தெரிஞ்சுதா?”

எல்லாவற்றையும் சொன்னேன். கதையை நடித்தும் காட்டினேன், அது என் புத்தி. அவர் ஆச்சரியப்படவேயில்லை. வெற்றிலையை மென்று முடித்துவிட்டுச் சொன்னார்:

“எனக்கு அப்பவே தெரியும்யா. தேர் முடிஞ்ச மறுநாளே அந்துவான் வந்தான். ‘அண்ணே, உங்க ஆர்மோனியப் பெட்டி மேல குத்தமில்ல. நம்ம ஆளு கீழ ஸ்ருதியிலதான் பாடுவான். நாலு பேர் முன்னாடி தெரிஞ்சா ஒடிஞ்சு போவான். நீங்க பொறுத்துக்குங்க’ன்னான். செரின்னேன்.”

“அப்போ ஊரெல்லாம் நான் உங்களை...”

“பொறுத்துக்கன்னு அவன் சொன்னான். எது வரைக்கும்னு சொல்லாம பூட்டான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு காபி கேட்டு வாங்கிக் குடித்தேன். குடித்துக்கொண்டே யோசித்தேன்: என் குரல் என்று நான் சுமந்துகொண்டு திரிந்ததில் என்னுடையது எவ்வளவு? உன் விரல் ஒரு பங்கு, இவர் மானம் ஒரு பங்கு. மிச்சம் என்னிடம் இருப்பது மைக்கைப் பிடிக்கிற ஸ்டைல் ஒன்றுதான் போலிருக்கிறது.

அதற்குள் உன் மகள் ஒரு காரியம் செய்திருந்தாள். கம்பியை உன் உயரத்திலேயே விட்டுவிட்டாள். “ஒரு பாட்டுதானே மாமா. தாங்கிக்கிறேன். நீங்க ஈ-மேஜர்னே சொல்லிக்குங்க” என்றாள். அப்பன் மகள்! பழையபடி என்னைத் தூக்கிப் பிடிக்க அடுத்த தலைமுறை தயாராகிறது. அந்த இடத்தில்தான், வாழ்க்கையில் முதல் தடவையாக, எனக்குக் குழப்பம் இல்லாமல் ஒன்று புரிந்தது. ஆலன் கீயை எடுத்து அவள் கையில் வைத்தேன். “இறக்குடி” என்றேன்.

ஆகவே மச்சான், இதைக் கேட்டுக்கொள். கல்யாணத்தன்று சாயங்காலம் கம்பி உன் மகள் விரலுக்கு ஏற்ற உயரத்தில் இருக்கும். அவள் என் தொண்டைக்குத் தோதான வேறு கார்டு பிடிப்பாள். திறந்த அடிக்கம்பியின் அந்த அதிர்வு அதில் வராது. அந்தக் குறைக்கு, மேடையில் எனக்கு வலப்பக்கம் தனபால் அண்ணன் ஆர்மோனியத்தில் ஒரு ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். ஸ்ருதி அவர்தான் கொடுப்பார். அவர் கொடுத்த பிறகுதான் நான் வாயைத் திறப்பேன். அதற்கு முன்னால் மைக்கில் எந்த மேஜரையும் அறிவிக்க மாட்டேன். “இவருடைய பெட்டி எப்போதும் சரியாகத்தான் இருந்தது” என்று மட்டும் சொல்வேன். எதற்கு என்று கூட்டத்துக்குப் புரியாது. முன்வரிசையில் தங்கச்சிக்குப் புரியும். உனக்கும் புரிந்தால் ஒரு விசில் அடி.

நூல் கட்டிய இதழ்களை நான் அவிழ்க்கவில்லை. சட்டைப் பையோடுதான் மேடை ஏறுவேன். இனி எனக்காக யார் விரலும் வெட்டுப்படாது, இது சத்தியம்.

மூணு ஃப்ரெட் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும்,
உன் தங்கக் குரல் மச்சான்,
கோதண்டம்